எட்டு எண்ணி ஒரு தட்டு

“ராத்திரியில குறட்டை விடுவீங்களாம்மா?” என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டதும் கலைமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நானா? நல்லா கேட்டீங்க டாக்டர். அந்தப் பெருமையெல்லாம் இவரோடது” என்று பக்கத்து நாற்காலியைக் கை காட்டினாள். “இவரு வுடற குறட்டைக்கு எங்க தெருவுல நாய்கூட படுக்காது. மில்லு மூடி இத்தன வருஷம் ஆச்சி, சங்கு மட்டும் இன்னும் இவரு தொண்டையில ஊதிக்கிட்டு இருக்கு. முதலியார்பேட்டையில வந்து ‘சங்கு புருஷோத்தமன்’னு கேளுங்க, வீட்டுக்கே கூட்டியாந்து வுடுவாங்க.”

அவள் கணவர் புருஷோத்தமன் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். மடியில் இருந்த ஸ்கேன் உறையின் முனையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“காலையில எழுந்திருக்கும்போது தலை வலிக்குமா?”

“தெனம் வலிக்கும். இவரு பக்கத்துல படுத்தா யாருக்குத்தான் வலிக்காது?”

“பகல்ல தூக்கம் வருமா?”

“வராம? ராத்திரி தூங்க வுட்டாத்தானே! சீரியல் பாக்கச் சொல்லவே சொக்கும். மருமவ வந்து எழுப்பி, ‘கதை முடிஞ்சிடுச்சி அத்த’ம்பா.”

டாக்டர் அவள் கழுத்தை ஒரு நாடாவால் அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். பித்தப்பையில் கல். இரண்டு தடவை வலி வந்து, இரண்டு தடவையும் கலைமகள் தரையில் உருண்டாயிற்று. மூன்றாவது தடவைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று பெரிய டாக்டர் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்திருந்தார். மயக்க டாக்டரின் கையெழுத்துதான் பாக்கி.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் புருஷோத்தமன், “கண்ணாடிய உள்ள வெச்சிட்டேன் கலை, எடுத்தாந்துடறேன்” என்று எழுந்து போனார். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கலைமகள் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடி எடுக்கப் போனவர் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தார். அவர் பின்னாலேயே நர்ஸ் ஒருத்தி வந்தாள்.

“அம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு தூக்க டெஸ்ட் எடுக்கணுமாம். ஒரு ராத்திரி இங்க வந்து தூங்கணும். தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு மெஷின் வெச்சிப் பாப்பாங்க.”

“தூங்கறதுக்கு ஒரு டெஸ்டா? எனக்கு எதுக்கும்மா? இவருக்கு எடு.”

“உங்களுக்குத்தான் எழுதியிருக்காங்க. மூச்சு நிக்கற ஆளுக்கு மயக்கம் கொடுக்கறது வேற மாதிரி. தெரியாம கொடுத்துட்டா ஆபத்து. அந்த ரிப்போர்ட் பாக்காம ஊசி போட மாட்டாங்க. சனிக்கிழமை ஒருத்தர் வரலன்னுட்டாங்க, அந்த எடம் இருக்கு. அத வுட்டா ஆறு வாரம் ஆவும்.”

ஆறு வாரம் என்றதும் கலைமகளின் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய்விட்டது. சனிக்கிழமையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், “குறட்டை வுடறது ஒருத்தரு, டெஸ்டு இன்னொருத்தருக்கு. நல்ல ஆஸ்பத்திரி இது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். புருஷோத்தமன் ஷேர் ஆட்டோவின் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை விடிந்தபோது அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. பத்து மணிக்குத் தும்மல். மத்தியானம் தொண்டை கட்டி, கண்ணில் நீர் கொட்டி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது மாதிரி ஆகிவிட்டது.

“போன் பண்ணி வரலன்னு சொல்லிடுங்க. இந்த லட்சணத்துல எவ தூங்கறது?”

“ஆறு வாரம் கலை.”

“கூடவே படுத்திருக்கற மனுஷனுக்கு இரக்கம் வேணாமா?”

“இரக்கத்துலதான் சொல்றேன். எழுந்திரு. ஆவி புடிச்சிட்டுக் கெளம்பலாம்.”

தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். சளி பிடித்த உடம்போடு தலைக்கு ஊற்றிக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா? படிய எண்ணெய் வைத்து வாரி, ஆஸ்பத்திரிதானே என்று விட்டுவிடாமல் ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மருமகள் பூர்ணிமா மிளகு ரசத்தைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

தூக்க டெஸ்ட் எடுக்கும் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரி அறை மாதிரியே இல்லை. ஒரு கட்டில், பக்கத்தில் கூட வந்தவருக்கு ஒரு குட்டைக் கட்டில், ஜன்னலுக்குத் திரை. மேலே மூலையில் ஒரு கேமரா. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கள் வைத்த சின்ன அறை. அங்கிருந்துதான் டெக்னீஷியன் சரிதா ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலாப்பட்டுப் பெண், இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், வாயில் மாஸ்க் போட்டிருந்ததால் கண் மட்டும்தான் சிரித்தது.

“என்னம்மா, எண்ணெய் வெக்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

“சளி புடிச்சிருக்கு பொண்ணே. தலையில தண்ணி ஊத்தினா நாளைக்கி உன் மெஷினு இருக்கும், நான் இருக்க மாட்டேன்.”

சரிதா ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தாள். தொண்ணூற்றொன்பதுக்குக் கொஞ்சம் மேல். டாக்டருக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் தேதி கிட்டத்தில் இருப்பதால் எடுத்துவிடலாம், சளி இருந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடு என்றாராம் டாக்டர்.

“சளி மாத்திரை ஒண்ணு போட்டுக்கவா?”

“வேணாம்மா. அது தூக்கத்த மாத்திடும். உங்க சொந்தத் தூக்கம்தான் எனக்கு வேணும்.”

“என் சொந்தத் தூக்கத்த முப்பத்தாறு வருஷமா இவருதான் தின்னுக்கிட்டு இருக்காரு. மீதி இருந்தா எடுத்துக்க.”

பிறகு ஒரு மணி நேரம் ஒட்டும் வேலை நடந்தது. மல்லிகையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, ஸ்பிரிட் வைத்து எண்ணெயைத் துடைத்து, பசை வைத்து ஒயரை ஒட்டினாள் சரிதா. தலையில், நெற்றியில், கண்ணோரத்தில், தாடையில். தொண்டையில் பொட்டு அளவு ஒரு மைக். நெஞ்சுக்கு ஒரு பெல்ட், வயிற்றுக்கு ஒரு பெல்ட். தாலிக்கயிற்றைத் தோள்பக்கம் ஒதுக்கிவிட்டாள். காலில் ஒயர். விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப். கடைசியாக மூக்கில் ஒரு சின்னக் குழாய். மூக்குத்தி இடித்தது. குழாயை வைத்த நொடியில் கலைமகள் தும்மினாள். குழாய் போய் சரிதாவின் கையில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி தும்மல்.

“மூணாவது தும்மலும் வரட்டும், அப்பறம் வெக்கறேன்” என்று சரிதா கையில் குழாயோடு காத்திருந்தாள். மூன்றாவதும் வந்தது.

“கண்ணாடி இருந்தா காட்டேன், எப்படி இருக்கேன்னு பாக்கறேன்.”

“வேணாம் கலை” என்றார் புருஷோத்தமன். “ஈபி டிரான்ஸ்பார்மர் மாதிரி இருக்க.”

“நீங்க ரொம்பப் பேசாதீங்க. பொண்ணே, இவர வெளியில எங்கயாவது படுக்க வெய்யி. நடு ராத்திரியில சங்கு ஊத ஆரம்பிச்சாருன்னா உன் மைக்கு தெறிச்சிடும்.”

சரிதா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “இல்லம்மா, டாக்டர் லெட்டர்ல வேற மாதிரி இருக்கே. ஐயாதான் வந்து சொன்னதா...”

புருஷோத்தமனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கொஞ்ச நஞ்ச இருமல் இல்லை. சரிதா அவரைப் பார்த்தாள். அவர் இருமிக்கொண்டே தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பாத்தியா, என் சளி அவருக்கும் ஒட்டிக்கிச்சி” என்றாள் கலைமகள்.

“நான் தூங்கவே போறதில்ல பாப்பா” என்றார் அவர், இருமல் நின்றதும். “முழிச்சிக்கிட்டேதான் இருப்பேன். இங்கயே இருக்கறேன்.”

விளக்கை அணைத்தபோது பத்தரை இருக்கும். இந்தக் கோலத்தில் எங்கே தூக்கம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கலைமகள் தூங்கிப்போனாள்.

அவள் விழித்துக்கொண்டது பேச்சுக் குரலில். கதவு பாதி திறந்திருந்தது. வராந்தா வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்திருந்தது. குட்டைக் கட்டிலில் ஆள் இல்லை. கதவுக்கு வெளியே சரிதாவின் குரல்.

“ரெண்டு மணி நேரமா பாத்துக்கிட்டு இருக்கேன் ஐயா. மூச்சு நிக்குது, எட்டாவது செகண்ட் திரும்பி வந்துடுது. ஒவ்வொரு தடவையும் எட்டு. ஏழும் இல்ல, ஒம்போதும் இல்ல. மெஷின்தான் கெட்டுப்போச்சோன்னு ஒயரெல்லாம் பாத்தேன். அப்பறம் கேமராவ பெருசு பண்ணா, இருட்டுல ஒரு கை வருது. உங்க கை.”

“ஆமாம்மா.”

“எதுக்கு ஐயா தட்டறீங்க?”

“எதுக்குன்னா? மூச்சு நிக்குதே.”

“நிக்கட்டும் ஐயா! அதப் பாக்கத்தானே கூட்டியாந்தீங்க? பத்து செகண்டாவது நின்னாத்தான் மெஷின் அத ஒரு கணக்கா எடுத்துக்கும். நீங்க எட்டுலயே தட்டி எழுப்பிடறீங்க. காலையில ரிப்போர்ட்டுல இந்தம்மாவுக்கு ஒண்ணுமே இல்லன்னு வரும். டாக்டரும் எல்லாருக்கும் கொடுக்கற மாதிரி மயக்கம் கொடுத்துடுவாங்க. ஆபரேஷன் முடிஞ்சி மயக்கத்துல கெடக்கும்போது எட்டு எண்ணி யாரு தட்டுவாங்க? சொல்லுங்க.”



“நான் வேணும்னு செய்யலம்மா. கை தானா போவுது. மில்லுல ரிங் பிரேம்ல நூலு ஒட்டறவன் நானு. ஓடிக்கிட்டு இருக்கச் சொல்ல இழை அறுந்தா நாம பாக்கறதுக்கு முந்தி கை போயிடும். அதே பழக்கம். தூங்கனாலும் எட்டுக்கு முழிப்பு வந்துடுது.”

“எத்தன வருஷமா இப்படி?”

“மூச்சு நிக்கறது ஒரு எட்டொம்போது வருஷமா. குறட்டை, கல்யாணம் ஆனதுல இருந்து.”

“ஆனா அம்மா நீங்கதான்னு...”

“அது அப்படியே இருக்கட்டும் பாப்பா. அதுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கும்.”

கட்டிலில் கலைமகள் அசையாமல் கிடந்தாள். அசைந்தால் ஒயர் காட்டிக்கொடுத்துவிடும். ‘அது’ என்று அவர் சொல்வது யாரை என்று முதலில் ஒரு நொடி அவளுக்கு விளங்கவே இல்லை. விளங்கியதும் காது மடல் இரண்டும் சுட்டன. சளி ஜுரம் ஏறிவிட்டதோ என்றுகூட நினைத்தாள்.

வில்லியனூரில் அண்ணன் மகள் கல்யாணம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் பெண்களெல்லாம் பாய் போட்டு, மருதாணி வைத்துக்கொண்டு, சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த நேரத்தில், ‘நான் குறட்டை வுட்டா இத்தன பேரு நடுவுல மானம் போயிடும் கலை, வா வூட்டுக்குப் போயிட்டு காலையில வரலாம்’ என்று கடைசி பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு கல்யாணம் மட்டுமா? எந்த வீட்டு விசேஷத்திலும் ராத்தங்க விட்டதில்லை. ‘குறட்டைக்காரனக் கட்டிக்கிட்டு என் பொறந்த வூட்டுக்குக்கூட முழுசா போவ முடியல’ என்று எத்தனை பேரிடம் அழுதிருப்பாள்!

“நீங்க ரெண்டு பேரும் உள்ளயே வந்து பேசுங்க” என்றாள். மூக்கடைப்பில் குரல் ஆண்குரல் மாதிரி வந்தது. “வெளியில கொசு கடிக்கும்.”

 பிறகு கதவு முழுசாகத் திறந்தது. புருஷோத்தமன் வாசலிலேயே நின்றார், பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்து வந்த பையன் மாதிரி.

“நீ தூங்கலியா கலை?”

“நான் தூங்கினா என்ன நடக்குதுன்னு இப்பத்தானே கேட்டேன். அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?”

“எது?”

“எதுவா? குறட்டை!”

“கொஞ்சம்... லேசா.”

“லேசா இருந்தா தெருவுல பேரு வெப்பாங்களா?”

 சரிதா நழுவப் பார்த்தாள். “நீ இரு பொண்ணே. சாட்சி வேணும்” என்று கலைமகள் அவளை நிறுத்தினாள். “ஏங்க இப்படிப் பண்ணீங்க? முப்பத்தாறு வருஷம்! வந்தவங்க போனவங்க கிட்டல்லாம் ஒங்களத் திட்டியிருக்கேனே. இன்னிக்கிச் சாயங்காலம்கூட!”

புருஷோத்தமன் குட்டைக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“கல்யாணம் ஆன மொத வாரம். ஒத்த ரூமு வூடு, நடுவுல ஒரு பொடவதான் மறைப்பு, ஒனக்குத் தெரியும். காலையில எங்க அம்மா கேட்டுச்சி, ‘யாருடா அது ராத்திரி பூரா, மில்லு உள்ள வந்துட்ட மாதிரி?’ன்னு. நீ பக்கத்துல காபிக்கு டம்ளர் கழுவிக்கிட்டு இருந்த. புதுப் பொண்ணு. எங்க அம்மா வாயி ஒனக்கே தெரியும். ‘நான்தாம்மா’ன்னு சொல்லிட்டேன்.”

“சரி, அன்னிக்கி சொன்னீங்க. அப்பறம்?”

“ஒரு தடவ சொல்லிட்டு அப்பறம் எப்படி மாத்தறது? நீயே நம்பிட்ட. நடுவுல முழிச்சிக்கிட்டு, ‘ஏங்க திரும்பிப் படுங்க’ம்ப. நானும் திரும்பிப் படுத்துக்குவேன்.”

சரிதா தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, “சாரிம்மா” என்றாள்.

“முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாளு கெடைக்கலியா சொல்ல?”

“சொல்லி? நீ தூங்காம முழிச்சிக்கிட்டு இருப்ப. நீ திட்டறது எனக்கொண்ணும் கஷ்டமா இல்ல கலை. சொல்லப்போனா நல்லாத்தான் இருந்துச்சி.”

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் மூக்கு இன்னும் அடைக்கும், கண்ணோர ஒயர் நனையும், இந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டியிருக்கும். அடக்கிக்கொண்டாள்.

“மணி ஒண்ணு ஆவுது” என்றாள் சரிதா மெதுவாக. “இனிமேயாவது தட்டாம ரெண்டு மணி நேரம் தூங்கினாத்தான் எனக்கு வேண்டியது கெடைக்கும். ஐயா, நீங்க இந்த ரூம்ல இருக்க வேணாம். இருந்தா கை சும்மா இருக்காது.”

“நான் தள்ளி உக்காந்துக்கறேன்.”

“போங்கங்க” என்றாள் கலைமகள். “அந்தப் பொண்ணு சொல்றத கேளுங்க. வியாழக்கிழமை மயக்கத்துல எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா ஒங்க எட்டு ஒண்ணுக்கும் ஒதவாது.”

அவர் போனார். விளக்கு அணைந்தது.

ஆனால் தூக்கம் போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் வரை யாருடையதோ குறட்டை. இப்போது அது அவளுடையது. தொண்டையில் கொஞ்சம் கரகரவென்று வந்தால் போதும், சடாரென்று கண்ணைத் திறந்துகொண்டாள். இதோ இதுதானா, இதைத்தான் தெருவே கேட்டதா? ஒரு வயசுப்பெண் காதில் கருவி மாட்டிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எப்படித் தூங்குவது? வாயை இறுக மூடிப் பார்த்தாள். மூக்கு அடைத்திருந்ததால் அதுவும் முடியவில்லை.

சுவரிலிருந்து ஒலிபெருக்கி பேசியது. “தூக்கம் வரலியாம்மா?”

“எப்படிம்மா வரும்? நீதான் கேட்டுக்கிட்டு இருக்கியே.”

“தெனம் இதான் கேக்கறேன். எனக்கு இது அலை சத்தம் மாதிரி. எங்க வூடு கடலுக்குப் பக்கத்துல.”

“பொம்பளைங்க யாராச்சும் வந்திருக்காங்களா?”

“பாதி பேரு பொம்பளைங்கதான்மா. எல்லாரும் வந்ததும் ஒரே பாட்டு: ‘எனக்கு இல்ல, எங்க வூட்டுக்காரருக்குத்தான்.’”

கலைமகளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. தூக்கம்தான் வரவில்லை. அரைமணி போயிருக்கும். ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

“கலை.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“பாப்பா ரூம்லதான். பேசறதுக்கு இந்தப் பித்தானை அமுத்தணுமாம். நாளைக்கி ஞாயித்துக்கெழம, பெரிய மார்க்கெட்டு போறதா இருந்தா என்னா மீனு வாங்கறது?”

“நடு ராத்திரியில மீனா?”

“சும்மா சொல்லு.”

“எனக்குத்தான் எண்ணெய் கூடாதுன்னுட்டாங்களே. கொழம்பு வெக்கற மாதிரி ஏதாவது.”

“சங்கரா?”

“சங்கரா முள்ளு. ராஜ்கமலு சாப்பிட மாட்டான்.”

“அவன் கம்பெனி கேன்டீன்ல தின்னுக்கட்டும். நமக்கு வாங்கறேன்.”

“புள்ளய அப்படிச் சொல்லாதீங்க. வஞ்சிரம் வாங்குங்க. துண்டு பெருசா போடச் சொல்லுங்க. போன தடவ ஏமாந்துட்டு வந்தீங்க.”

“போன தடவ நீதான் கூட வந்த.”

“நான் வந்தேனா? நான் வரல.”

“வந்த. அந்த மீன்காரம்மா கிட்ட சண்ட போட்ட.”

“அது அதுக்கு முந்தின தடவ.”

“இல்ல கலை, போன தடவதான். செவ்வாக்கெழம.”

“செவ்வாக்கெழம நான் எங்கங்க மார்க்கெட்டு வந்தேன், அன்னிக்கி எனக்கு வயித்து வலி...”

“அது பொதன்கெழம.”

“பொதன்கெழம நான்...”

புதன்கிழமை என்ன செய்தாள் என்பதை அவள் சொல்லி முடிக்கவில்லை.

நடுவில் யாரோ வந்தது ஞாபகம் இருந்தது. முகத்தில் மூக்கையும் வாயையும் சேர்த்து எதையோ பொருத்தி, பட்டையை இழுத்து மாட்டினார்கள். அதற்குள்ளிருந்து மெத்தென்று காற்று வந்தது. கடற்கரையில் காற்றுக்கு எதிரே முகத்தைக் கொடுத்து நிற்பது போல் இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது திரையோரம் வெளுத்திருந்தது. கலைமகள் கொஞ்ச நேரம் படுத்தபடியே யோசித்தாள். எதுவோ குறைந்தது. தலையைத் தொட்டுப் பார்த்தாள். வலி இல்லை. மூக்கு அடைத்திருந்தது, தொண்டை கரகரத்தது, உடம்பு வலித்தது, எல்லாம் இருந்தன. தினமும் எழுந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொள்ளும் அந்தத் தலைவலி மட்டும் இல்லை.

சரிதா வந்து முகமூடியைக் கழற்றினாள். பசையை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்து ஒவ்வொரு ஒயராக எடுத்தாள்.

“எவ்வளோ இருந்துச்சி பொண்ணே? மறைக்காம சொல்லு.”

“டாக்டர்தான்மா சொல்லணும். நல்லா நிக்குது, அது மட்டும் சொல்றேன். நல்ல வேளை, தெரிஞ்சிபோச்சி. ஒரு தடவ அம்பத்திரண்டு செகண்ட்.”

“அம்பத்திரண்டா!”

“அத நீங்க பாக்கல. ஐயா பாத்தாரு. என் பக்கத்துல ஒக்காந்து ரெண்டு கையையும் அக்குள்ல இறுக்கி வெச்சிக்கிட்டு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எட்டு தாண்டினதும் காலு ஆட ஆரம்பிச்சிடும். அந்த அம்பத்திரண்டுல எழுந்து கதவு வரைக்கும் போயிட்டாரு. நான் சட்டயப் புடிச்சி இழுத்து ஒக்கார வெச்சேன். ‘பாப்பா, நீ நல்லா இருப்ப, ஒரே ஒரு தடவ தட்டிட்டு வந்துடறேனே’ன்னு கெஞ்சறாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சிம்மா.”

கலைமகள் விரலில் கிளிப் இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“நாலு மணிக்கு மாஸ்க் போட்டேன். அதுக்கப்பறம் ஒண்ணுகூட நிக்கல. இந்த மாஸ்க்கோட மயக்கம் கொடுத்தா பயம் இல்ல, மயக்க டாக்டருக்கு எல்லாம் எழுதி அனுப்பறேன். சளி மட்டும் அதுக்குள்ள எறங்கணும்.”

“அவரு எங்க?”

சரிதா சுவரைக் காட்டினாள். “மாஸ்க் போட்டு பத்து நிமிஷம் பாத்தாரு. ‘நிக்கல இல்ல? நெசமா நிக்கல இல்ல?’ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்பறம் மேஜைமேல தல வெச்சவருதான்.”

கலைமகள் புடவையைச் சரிசெய்துகொண்டு, பசை ஒட்டிய தலையோடு அடுத்த அறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரைகளுக்கு நடுவில், கையை மடித்துத் தலைக்கு வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“சத்தம் ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டாள் கிசுகிசுப்பாக.

“ஒரு சத்தம் இல்லம்மா. பூனைக்குட்டி மாதிரி தூங்கறாரு.”

எழுப்ப மனசு வரவில்லை. தன் வேலை நேரம் ஏழரைக்கு முடிகிறது என்றாள் சரிதா. ஏழு இருபத்தைந்து வரை கலைமகள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பூர்ணிமாவின் ரசத்தைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே அவர் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லாமல் அவர் தூங்குவதைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அவர் எழுந்ததும் முதல் கேள்வி, “நின்னுச்சா?”

“எழுந்து மூஞ்சி கழுவுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பூர்ணிமாவின் போன் வந்தது. கலைமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்த, தூங்கினீங்களா? மாமா குறட்டையில மெஷின் ஒடைஞ்சிடுச்சா?” அந்தப் பக்கம் ராஜ்கமல் சிரிப்பதும் கேட்டது.

புருஷோத்தமன் குனிந்து போனைப் பார்த்து, “ஆமாம்மா, நான்தான் ராத்திரி பூரா...” என்று ஆரம்பித்தார்.

கலைமகள் போனை அவருக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்தாள். “மாமாவுக்கு ஒண்ணும் இல்லடி. அவரு தூங்கினா பக்கத்துல ஆளு இருக்கறதே தெரியாது. எனக்குத்தான் குறட்டை. எனக்குத்தான் மூச்சும் நிக்குது.”

“ஐயோ, எப்பத்துல இருந்து அத்த?”

“குறட்டை, கல்யாணம் ஆன நாள்ல இருந்து.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, “ஏங்க! இங்க வந்து கேளுங்க, அத்தயாமே!” என்று பூர்ணிமா கத்துவது கேட்டது. புருஷோத்தமன் டீ கிளாஸால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“அந்தக் கதையெல்லாம் வூட்டுக்கு வந்து சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டு, உடனே வேறொரு எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

“யாருக்கு?” என்றார் அவர் கலவரத்தோடு.

“ஆயம்மா அண்ணிக்கு.”

ஆயம்மா அவருடைய அக்கா. நெல்லித்தோப்பில் இருக்கிறாள். காலையில் காதில் விழுந்ததை மத்தியானச் சோற்றுக்குள் நாலு தெருவுக்குச் சேர்த்துவிடுவாள்.

“அக்காவுக்கு வேணாம் கலை. யாருக்கு வேணா சொல்லு, அக்காவுக்கு மட்டும் வேணாம். அது ஊரு பூரா சொல்லிடும்.”

கலைமகள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது.

“சொல்லட்டும்” என்றாள். “அதுக்குத்தானே அவங்களுக்குப் போடறேன்.”